ரோபோ நுழைந்தது, சுமை நுழையவில்லை

கதவு நிலையில், தரையிலிருந்து சுமார் 140 செ.மீ. உயரத்தில் ஒரு கீறல். பெயிண்ட் உரிந்து, மரத்தில் சுண்டுவிரல் நுனி பதியும் அளவுக்குப் பள்ளம். சுமை தூக்கிச் செல்லும் எங்கள் ரோபோவின் உயரம் வெறும் 30 செ.மீ. என் முழங்காலைக்கூட எட்டாத ஒரு வண்டி, மார்பு உயரத்தில் கதவைக் கீறியது எப்படி?

ரோபோ தன் ஓட்டத்தைப் பதிந்து வைக்கும் லாகைத் திறந்து பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. மோதல் இல்லை, அவசர நிறுத்தம் இல்லை, கதவைத் தாண்டியதும் "இலக்கை அடைந்தது" என்று பெருமையாக ஒரு வரி. அன்றைக்கு அந்தப் பக்கம் வேலையில் இருந்தவர் சொன்னார்: "ரோபோ சரியாத்தான் சார் போச்சு. மேல இருந்த ரேக்தான் இடிச்சுது."

அவர் சொன்னதில் எல்லாமே அடங்கிவிட்டது. தன் உடம்பு 60 செ.மீ. அகலம் என்பது ரோபோவுக்குத் தெரியும். முதுகில் 80 செ.மீ. அகல ரேக் உட்கார்ந்திருப்பது தெரியாது. பெரிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு நெரிசலான பேருந்தில் சட்டென்று திரும்புகிறவரைப் பார்த்திருப்பீர்கள். யாரையும் இடிக்கவில்லை என்று சத்தியமே செய்வார். பின்னால் இரண்டு பேர் மூக்கைத் தடவிக்கொண்டு நிற்பார்கள்.

இந்த உடம்பளவுக்கு எங்கள் தொழிலில் ஃபுட்பிரிண்ட் என்று பெயர். காலடித்தடம் என்று தமிழாக்கினால் பொருள் தடம் மாறிவிடும். உச்சி வெயிலில் வண்டிக்கு நேர் கீழே விழும் நிழலின் விளிம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் எல்லைக்கோடு என்றே எழுதுகிறேன்.

ரோபோக்களை இயக்கப் பலரும் பயன்படுத்தும் ராஸ் (ROS) மென்பொருளில் இதைக் கொடுப்பது மிக எளிது. ஓட்டும் சக்கரங்களுக்கு நடுவில் ஒரு மையம். முன்பக்கம் எக்ஸ், இடப்பக்கம் ஒய், எல்லாம் மீட்டரில். 90 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் உள்ள வண்டிக்கு மையத்திலிருந்து முன்னும் பின்னும் 0.45, இருபக்கமும் 0.30 என்று நான்கு மூலைகளை எழுதினால் முடிந்தது. இதிலிருந்து இரண்டு ஆரங்கள் வரும். வண்டிக்கு உள்ளே அடங்கும் பெரிய வட்டத்தின் ஆரம் 0.30 மீட்டர். வண்டியை முழுக்கச் சுற்றி வளைக்கும் வட்டத்தின் ஆரம் 0.54. ரோபோ வைத்திருக்கும் தள வரைபடத்தில் ஒரு தடையிலிருந்து 0.30 மீட்டருக்குள் மையம் வந்தால் மோதல் உறுதி. 0.54க்கு வெளியே இருந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் மோதாது. நடுவில் உள்ள 24 செ.மீ. பட்டையில்தான் வண்டி எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்பது முக்கியமாகிறது.

ரோபோவை ஒரு புள்ளியாகச் சுருக்கி, அதற்கு ஈடாகத் தடைகளைப் பெருக்கிவிடும் இந்த யோசனையை டொமாஸ் லொசானோ-பெரேஸும் மைக்கேல் வெஸ்லியும் 1979-ல் ஒரு கட்டுரையில் முறைப்படுத்தினார்கள். இன்றைய கிடங்கு ரோபோக்களில் ஓடுவதும் அதன் வாரிசுதான். வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் 0 முதல் 255 வரை ஓர் எண், செலவு எண் என்பார்கள். 254 என்றால் தடை அங்கேயே இருக்கிறது. 253 என்றால் மையம் அங்கே போனால் இடி நிச்சயம். 255 என்றால் அங்கே என்ன இருக்கிறதென்றே தெரியாது. 253-க்குக் கீழே படிப்படியாகக் குறைந்து 0-வில் முடியும். கணக்கு சுத்தமானது. கணக்குக்கு நாம் கொடுக்கும் நான்கு மூலைகள்தான் பொய் சொல்கின்றன.

எங்கள் ரேக் 1.2 மீட்டர் நீளம், 0.8 மீட்டர் அகலம். அதைத் தூக்கியதும் உள்வட்டம் 0.40, வெளிவட்டம் 0.72 ஆகிவிடும். வெளிவட்டத்தில் 18 செ.மீ. கூடுகிறது. தடையைச் சுற்றி எவ்வளவு தூரம் செலவு எண்ணைப் பரப்புவது என்பதற்கு ராஸில் முன்கூட்டியே வைத்திருக்கும் அளவு 0.55 மீட்டர். வெறும் வண்டிக்கு அது போதும், வெளிவட்டத்தைவிட ஒரு செ.மீ. அதிகம்தான். ரேக் ஏறிய பிறகும் அதையே விட்டுவைத்தால், மூலை 0.72 வரை நீளும்போது செலவு 0.55-லேயே தீர்ந்துவிடுகிறது. வண்டி எப்படியெல்லாம் திரும்பக்கூடும் என்று பார்க்காத எளிய பாதைத் திட்டத்துக்கு அந்த 17 செ.மீ. இலவச நிலம். எல்லைக்கோட்டை மாற்றியவர்கள் இந்த எண்ணை மறப்பது சகஜம். நானும் மறந்திருக்கிறேன்.

சரி, 1.2-ஐயும் 0.8-ஐயும் எங்கிருந்து எடுத்தேன்? ரேக்கின் வடிவமைப்பு வரைபடத்திலிருந்து. அதுதான் முதல் தப்பு.

இப்போதெல்லாம் தூக்குக்குண்டும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டுதான் போவேன். சுமையை ஏற்றச் சொல்லி, அதன் ஒவ்வொரு முனையிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, ஆட்டம் நின்றதும் தரையில் புள்ளி வைப்பேன். மூலைகள் மட்டும் போதாது. கைப்பிடி, தாழ்ப்பாள், பெட்டியைச் சுற்றிய பிளாஸ்டிக் ஃபிலிமின் வயிறு என்று துருத்தும் எல்லாவற்றிலிருந்தும். புள்ளிகளை நூல் வைத்து இணைத்தால் செவ்வகம் வருவதே இல்லை. ஒரு பக்கம் வீங்கிய, மூலை சரிந்த ஏதோ ஓர் உருவம் வரும். எங்கள் ரேக்கில் வரைபடத்து 0.80, தரையில் 0.86 ஆக இருந்தது. நான்கு செ.மீ. கைப்பிடி, இரண்டு செ.மீ. உள்ளே இருந்த அட்டைப்பெட்டிகள் பிதுங்கியது. அதையும் காலியாக ஒரு முறை, நிரப்பி ஒரு முறை, அவசரத்தில் எப்படி நிரப்புவார்களோ அப்படி ஒரு முறை அளக்க வேண்டும். மூன்றாவது அளவுதான் உண்மையானது.

அடுத்த கேள்வி, இந்தக் கோட்டுக்கு வெளியே எவ்வளவு இடம் விடுவது. பேடிங் என்பார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, ஏனென்றால் பயம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டும் இடமாக இது மாறிவிடுகிறது. ஒரு தளத்தில் நடந்தது இது. அளந்தவர் "பாதுகாப்புக்கு" 5 செ.மீ. கூட்டி எழுதினார். அதை மென்பொருளில் ஏற்றியவருக்கு அது தெரியாது, அவர் பேடிங்கில் 5 வைத்தார். பாதையைச் சோதித்தவர் ஒரு திருப்பத்தில் வண்டி சுவரை ஒட்டிப் போவதைப் பார்த்துவிட்டு இன்னொரு 5 சேர்த்தார். ஒரு பக்கத்துக்கு 15, இரண்டு பக்கமும் சேர்த்து 30. சுமை 80, பாதை 110. மிச்சம் பூஜ்யம். வரைபடத்தின் ஒரு கட்டமே 5 செ.மீ. என்பதால் சுவர் அரைக் கட்டம் தள்ளிப் பதிந்தாலும் வழி அடைபட்டுவிடும். வண்டி பாதை வாயிலில் போய் நின்று, "வழி இல்லை" என்று அறிவித்து, திரும்பி, மறுபடி வந்து நின்றது. வேலை செய்கிறவர்கள் இரண்டு நாள் பொறுத்தார்கள். மூன்றாம் நாள் கையால் தள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குத்தான் ரோபோ வாங்கினார்களா?

அதனால் பேடிங்கை நான் ஒரே எண்ணாக எழுதுவதில்லை. தான் எங்கே நிற்கிறோம் என்பதில் வண்டிக்கு எவ்வளவு சந்தேகம், பிரேக் போட்டால் சுமை எவ்வளவு ஆடுகிறது, வரைபடக் கட்டம் எவ்வளவு பெரிது என்று தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு. எங்கும் சேராத பயத்துக்கு எதுவும் கிடையாது. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. சுற்றிலும் ஒரே அளவு பேடிங் வைப்பது கணக்குப்படியே தவறு. வண்டியின் திசைக் கணிப்பில் 2 டிகிரி பிழை என்று வையுங்கள். மையத்திலிருந்து 1.3 மீட்டர் பின்னால் நீளும் முனை அதனால் 4.5 செ.மீ. பக்கவாட்டில் தள்ளிப் போகும். 30 செ.மீ. தொலைவில் உள்ள முனைக்கு அதே பிழை சுமார் ஒரு செ.மீ.தான். தூரமான முனைக்கு அதிகம், பக்கத்து முனைக்குக் குறைவு. எட்டு மூலை உள்ள பலகோணமாக எழுத மென்பொருள் அனுமதிக்கும்போது நான்கோடு நிறுத்த எந்தக் காரணமும் இல்லை.

நேராகப் போவதற்கும் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம், தோளில் ஏணி சுமந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1.3 மீட்டர் அகலப் பாதையில் 0.8 மீட்டர் சுமை பக்கத்துக்கு 25 செ.மீ. விட்டு ஒய்யாரமாகப் போகும். அங்கேயே நின்ற இடத்தில் திரும்பச் சொன்னால் 1.44 மீட்டர் விட்டம் வேண்டும். உள்ளே போன பாம்பு அதே பொந்தில் திரும்ப முடியாத கதை. அதுவும் சுமை மையத்தில் இருந்தால்தான் 1.44. பின்னால் மாட்டிய இணைப்பு 1.3 மீட்டர் நீண்டு, அரை அகலம் 0.4 என்றால், அந்த மூலை மையத்திலிருந்து 1.36 மீட்டரில் சுழலும். விட்டம் 2.7 மீட்டருக்கு மேல். ஓட்டுகிறவர்கள் மூக்கைத்தான் பார்ப்பார்கள், வால் பின்னால் இருப்பவரின் கணுக்காலைத் தேடும்.

(கணிதக்காரர்களுக்கும் இது தீராத வேடிக்கை. ஒரு மீட்டர் அகலமுள்ள எல் வடிவ நடையில் திருப்பக்கூடிய மிகப் பெரிய சோபாவின் பரப்பு என்ன என்று லியோ மோசர் 1966-ல் கேட்டார். ஜோசப் கெர்வர் 1992-ல் 18 துண்டு வளைவுகளால் ஆன ஒரு சோபாவை வரைந்தார், பரப்பு சுமார் 2.2195 சதுர மீட்டர். எங்கள் ரேக் அந்த அளவுக்கு அழகாக வளைந்திருக்கவில்லை.)

இதெல்லாம் ஒரு தடவை அளந்தால் தீரும் பிரச்சினைகள். என் தூக்கத்தைக் கெடுத்தது வேறு. கோட்டை எந்த நொடியில் மாற்றுவது?

ரேக்குக்கு அடியில் நுழையும்போது வண்டி ஒல்லியாக இருக்க வேண்டும். தூக்கி நகரும்போது அகலமாக இருக்க வேண்டும். தூக்கிய பிறகு மாற்றினால், தூக்கியதற்கும் மாற்றியதற்கும் இடையில் நகர்ந்துவிட்டால் ஆபத்து. எனவே முதலில் கோட்டைப் பெரிதாக்கு, அப்புறம் தூக்கு. இறக்கும்போது நேர் எதிர்: இறக்கி, சென்சார் "இறங்கிவிட்டது" என்று சொன்ன பிறகே கோட்டைச் சுருக்கு. படிக்க எளிதாக இருக்கிறது. செய்து பார்த்தால், கோட்டைப் பெரிதாக்கிய கணமே ரேக்கின் நான்கு கால்களும் கோட்டுக்குள் வந்துவிடுகின்றன. லேசர் ஒளியால் சுற்றுப்புறத் தூரங்களை அளக்கும் லிடார் அவற்றைத் தடை என்றுதான் குறித்து வைத்திருக்கிறது. "நான் ஏற்கெனவே நான்கு கம்பங்களோடு மோதிக்கொண்டிருக்கிறேன்" என்று வண்டி முடிவுகட்டி, அசைய மறுக்கும்.

அதற்கு மருந்து உண்டு. கோட்டுக்குள் விழும் தடைகளை வரைபடத்திலிருந்து அழித்துவிடும் வசதி ராஸில் இருக்கிறது. லிடாரின் வாசிப்பிலும், கால்கள் இருக்கும் நான்கு சிறு பெட்டிகளை வடிகட்டிவிடலாம். ஆனால் வடிகட்டிய இடம் குருட்டு இடம். முன்காலுக்குப் பின்னால் உள்ள ஆப்பு வடிவ நிழலில் எது நின்றாலும் வண்டிக்குத் தெரியாது. பெட்டியைத் தாராளமாக வெட்டினால் வேலை சுலபம், குருடு அதிகம். கால் 4 செ.மீ. என்றால் வடிகட்டும் பெட்டி 8 செ.மீ.க்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. அதற்கு மேல் தேவைப்பட்டால் ரேக் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. ராஸில் வரைபடம் இரண்டு: முழுத் தளத்துக்கு ஒன்று, கண்முன் உள்ள சில மீட்டருக்கு ஒன்று. எல்லைக்கோட்டை இரண்டும் தனித்தனியாகக் கேட்டு வாங்குகின்றன. கண்முன் வரைபடத்துக்கு மட்டும் புதிய கோட்டை அனுப்பிவிட்டு, பெரியதை மறந்துவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? பெரிய வரைபடம் ஒல்லி வண்டிக்கான குறுக்குச் சந்தைத் தேர்ந்தெடுக்கும். வண்டி அங்கே போகும். கண்முன் வரைபடம் "இதில் எப்படி நுழைவது" என்று நிறுத்தும். வாசலில் நின்று முன்னும் பின்னும் தலையாட்டும். மாமியார் வா என்று அழைக்க, மருமகள் கதவைச் சாத்திய வீடு போல. இந்த ஆட்டத்தைப் பார்த்தாலே இப்போது எனக்குத் தெரிந்துவிடுகிறது, லாகைப் பார்க்க வேண்டியதில்லை.

கதவு கீறிய நாளில் நடந்தது இது எதுவுமே இல்லை. லாகில் பின்னோக்கிப் போனபோது, இடிப்பதற்குப் பதினோரு நிமிடம் முன்பு ஒரு மறுதொடக்கம் இருந்தது. யாரோ அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தி, விடுவித்த பிறகும் வண்டி கிளம்பவில்லை என்று அணைத்துப் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் செய்வதுதான், நானும் செய்வேன். மென்பொருள் புதிதாக எழுந்தது. அமைப்புக் கோப்பில் எழுதியிருந்த கோட்டை எடுத்துக்கொண்டது. அது வெறும் வண்டியின் கோடு. ரேக் முதுகிலேயே இருந்தது. 0.60 மீட்டர் வண்டியாகத் தன்னை நினைத்துக்கொண்டு, 0.86 மீட்டர் பொருளாகக் கதவை நோக்கிப் போயிருக்கிறது.

அந்தக் கோப்பை எழுதியவன் நான்தான். முதலில் சோதித்தது வெறும் வண்டியை, அதனால் முதலில் எழுதியதும் அந்தக் கோடு. அதுவே இயல்பாகத் தங்கிவிட்டது. இப்போது எழுந்ததும் எடுக்கும் கோடு எங்களிடம் உள்ளதிலேயே பெரிய கோடு. மேலே ஒன்றுமில்லை என்று தூக்கும் தட்டின் சுவிட்சும் எடை அளவும் இரண்டும் சொன்ன பிறகே சுருங்கும். இரண்டில் ஒன்று முரண்பட்டால் பெரியதாகவே இருக்கும். இதனால் சில சமயம் வெறும் வண்டி அகலமான பாதையில் சுற்றிக்கொண்டு போகிறது. போகட்டும்.

பாதுகாப்பு ஸ்கேனரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத்தான் அதிகம் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். மேலே சொன்ன கோடு பாதை போடுவதற்கு. ஆளைக் கண்டால் வண்டியை நிறுத்தும் ஸ்கேனரின் புலம் முற்றிலும் வேறு கருவியில், வேறு அமைப்பில் இருக்கிறது. ராஸில் கோட்டைப் பெரிதாக்கினால் அது ஒரு செ.மீ.கூட நகராது. சுமைக்கேற்ற புலத்துக்கு அதைத் தனியாக மாற்ற வேண்டும். ஓட்டுநரில்லா தொழிலக வண்டிகளுக்கான ஐஎஸ்ஓ 3691-4 தரத்தில் ஆளைக் கண்டறியும் சோதனைக்கு இரண்டு உருளைகள் உண்டு: படுக்க வைத்த 200 மி.மீ. விட்டம், 600 மி.மீ. நீளமுள்ள ஒன்று, நிறுத்தி வைத்த 70 மி.மீ. விட்டம், 400 மி.மீ. உயரமுள்ள ஒன்று. படுத்திருக்கும் உடம்பும் நிற்கும் காலும். அவற்றை உருட்டிக்கொண்டு சுமையேற்றிய வண்டியின் முன்னால் போய் வைத்துப் பாருங்கள். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், உணர்ந்து செயல்பட 0.2 நொடி, வெறும் வண்டி ஒவ்வொரு நொடியிலும் வேகத்தை நொடிக்கு ஒரு மீட்டர் குறைக்கிறது என்றால் 70 செ.மீ.யில் நிற்கும். சுமையால் அந்தத் திறன் பாதியானால் 1.2 மீட்டர். சுமை முன்னால் துருத்தினால் அந்த நீளத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

இழுவை வண்டிகள் தனி உலகம். பின்னால் கட்டிய ட்ராலி வண்டியின் தடத்திலேயே வராது, உள்வளைவை வெட்டிக்கொண்டு வரும். வண்டி 2 மீட்டர் ஆரத்தில் வட்டமிடுகிறது, ட்ராலி அச்சு சக்கர மையத்திலிருந்து 1.5 மீட்டர் பின்னால், இணைப்பு வண்டியின் அச்சிலேயே என்று வைத்தால், ட்ராலி கடைசியில் 1.32 மீட்டர் ஆரத்தில் சுற்றும். 68 செ.மீ. உள்ளே. அசையாத ஒரு பலகோணத்தால் இதைச் சொல்லவே முடியாது. இணைப்பின் கோணத்தை அளக்கும் சென்சார் இருந்தால் கோட்டையும் வளைக்கலாம். இல்லையென்றால் கூர்மையான திருப்பங்களைப் பாதையிலிருந்தே எடுத்துவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்தேன்.

உயரத்துக்கும் கோட்டில் இடமில்லை. தரையிலிருந்து 20 செ.மீ.யில் சுழலும் லிடாருக்கு மேசையின் கால்கள் தெரியும், பலகை தெரியாது. ரேக்கின் மேல்தட்டு அந்தப் பலகையை இடிக்கும். ரோபோக் கை பொருத்திய வண்டிகளில் நான் ஒரே விதிதான் வைத்திருக்கிறேன்: கை மடங்கியது என்று மூட்டுகளின் அளவீடு உறுதிசெய்யாமல் சக்கரம் உருளக் கூடாது. கை எங்கெல்லாம் நீளுமோ அங்கெல்லாம் கோட்டைப் போட்டால், அந்த வண்டி கட்டடத்தில் எந்த அறைக்கும் போக முடியாது.

சென்ற வாரம் புதிய வகை ரேக் ஒன்று வந்தது. வழக்கம்போல் குண்டு, சாக்பீஸ், நூல். கோட்டை வரைந்து, அதன் மேல் காலி அட்டைப்பெட்டிகளை நெருக்கமாக அடுக்கி, வண்டியை நின்ற இடத்தில் முழுச் சுற்று சுற்றச் சொன்னேன். வெளிவட்டத்தில் வைத்த பெட்டி எதுவும் அசையக் கூடாது. முதல் சுற்றில் அசையவில்லை. இரண்டாவது சுற்றில், கொஞ்சம் வேகமாக, ஒரு பெட்டி சாய்ந்தது. சுமையை இறுக்கிக் கட்டிய பெல்ட்டின் வால், சுழற்சியில் வெளியே வீசியிருக்கிறது. அளந்தேன், 22 செ.மீ.

"22 சேர்த்துடலாமா சார்?" என்று கூட இருந்த பையன் பேடிங்கைத் திறந்துவிட்டான். வேண்டாம் என்றேன். ரேக்கின் கம்பத்தில் ஒரு வளையம் மாட்டி, வாலைச் சுருட்டி அதில் செருகினோம். பெட்டியை நிமிர்த்தி வைத்து மறுபடியும் சுற்றச் சொன்னோம்.